நத்தை தொடாத கொடி

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் நர்சரிகளில் கூட்டம் கூடிவிடும். காம்பவுண்ட் சுவரில் ஏற்றிவிட ஒரு கொடி, வாசல் வளைவில் படரவிட இன்னொன்று, மொட்டைமாடிப் பந்தலுக்கு வேறொன்று. வாங்க வருபவரின் முதல் கேள்வி, ‘பூ என்ன கலர்?’ அடுத்தது, ‘வருஷம் முழுக்கப் பூக்குமா?’ நட்ட சில நாளில் திரும்பி வந்து மூன்றாவதையும் கேட்பார்: ‘ராத்திரியோடு ராத்திரியாக இலையெல்லாம் போய்விட்டதே, என்ன செய்யலாம்?’

இலையைக் கொண்டுபோனது நத்தை. பூ என்ன நிறம் என்று அது விசாரிக்கவே இல்லை. நத்தையின் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும், நிறம் தெரியாது. அதன் அக்கறையெல்லாம் இலை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, என்ன சுவை, தின்றபின் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதில்தான். ஆகவே மழைக்காலத் தோட்டத்துக்கு வண்ணக் கொடி தேடுகிறவர் கேள்வியின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் இலை, பிறகு பூ. ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சுவையான அறிவியல் இருக்கிறது.

இலையின் மேல் நடப்பது

டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குமேல் ஈரத் தோட்டத்துக்குள் போனால் நத்தை சாப்பிடுவதை நேரிலேயே பார்க்கலாம். அதன் தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள். நீண்ட மேல் ஜோடியின் நுனியில் கண். குட்டையான கீழ் ஜோடி, தரையையும் இலையையும் தொட்டுத் தொட்டு மோப்பமும் சுவையும் பார்த்துக்கொண்டே வரும். இலை விளிம்பை எட்டியதும் உடனே கடித்துவிடாது. உதட்டை வைக்கும், தலையைப் பின்னுக்கு இழுக்கும், மறுபடி வைக்கும். ஒத்துவந்தால் வாய்க்குள்ளிருந்து நாக்கு நீண்டு இலையை ஒரு இழுப்பு இழுக்கும். தச்சரின் அரத்தைப்போல அந்த நாக்கின்மேல் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான நுண்பற்கள். விலங்கியலார் இதை ராடுலா என்பார்கள். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

தளிராக இருந்தால் அந்த அராவலில் ஓட்டை விழுந்துவிடும். சற்று முற்றிய இலையில் மேல்தோலும் சதையும் போய்க் கீழ்த்தோல் மட்டும் மெல்லிய சவ்வாக மிஞ்சும். தடித்த நரம்புகளை விட்டுவிடும். புழு தின்றதா, நத்தை தின்றதா என்று குழம்ப வேண்டியதில்லை. புழு தின்ற இலைக்கடியில் உருண்டை உருண்டையாக எச்சம் கிடக்கும். நத்தை போன வழியில் காய்ந்த சளி காலை வெயிலில் மினுங்கும்.

அந்த உதட்டு வைப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். செடிக்குத் தப்பிக்க அங்கேதான் வழி. மணத்திலேயே விரட்டலாம், முதல் சுவையில் விரட்டலாம், தின்றபின் வயிற்றைக் கலக்கி, மறுநாள் வராமலும் செய்யலாம். கடைசி வழி பலிக்க நத்தைக்கு ஞாபகசக்தி வேண்டுமே? இருக்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் ஆலன் கெல்பெரின் 1975-ல் அதை நிரூபித்தார். லிமாக்ஸ் என்ற ஓடில்லா நத்தைக்குப் புதிய உணவு ஒன்றைக் கொடுத்து, தின்று முடித்ததும் கரியமில வாயுவால் அதைத் திணறவைத்தார். பெரும்பாலான நத்தைகள் ஒரே அனுபவத்தில் பாடம் கற்றுக்கொண்டு, பிறகு அந்த உணவைச் சீண்டவில்லை. மூளை என்று சொல்லக் கூசும் அளவுக்குச் சிறிய நரம்புத் திரளுக்குள் ‘இது ஆகாது’ என்ற குறிப்பு பதிந்துவிடுகிறது.

வந்தவர்களும் இருந்தவர்களும்

நம் தோட்டங்களில் வேட்டையாடும் பெரிய கை ஆப்பிரிக்க நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் லிசாகாட்டினா ஃபுலிக்கா. இந்தியாவுக்கு இது தானாக ஊர்ந்து வரவில்லை. நத்தை ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டிருந்த வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு உயிரோடு கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டவை பெருகின. இலங்கைக்கு 1900-ல் ஆலிவர் காலெட் என்பவர் கொண்டுபோனார்; பத்தே ஆண்டுகளில் அங்கே அது பயிர்த்தொல்லையாகிவிட்டது. ஒவ்வொரு நத்தையிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கி, மழை விழுந்த இரவில் எழுந்து வரும். பப்பாளி, வாழை, கீரை, பூச்செடி என்று நூற்றுக்கணக்கான தாவரங்களைத் தின்னும். ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டுமென்று வீட்டுச் சுவரையும் சுரண்டும்.

இன்னொன்று, ஓடில்லா நத்தை. தொட்டியைத் தூக்கினால் அடியில் தட்டையாக, கறுப்பாக, முதுகின் நடுவே வெளிறிய கோட்டோடு ஒட்டிக்கிடக்கும். பலர் அட்டை என்று நினைத்துப் பதறுவார்கள். அட்டை இரத்தம் குடிக்கும். இது இலை தின்னும். லேவிகாலிஸ் ஆல்டே என்ற இந்த இனமும் ஆப்பிரிக்கப் பூர்வீகம்தான். தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இரண்டுக்கும் அந்த மாதங்கள்தான் விருந்துக்காலம்.

நத்தை என்றாலே பகை என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான இனங்கள் உதிர்ந்த சருகையும் பாசியையும் பூஞ்சையையும் தின்று மண்ணுக்கு உரம் சேர்ப்பவை. பிரிட்டனில் அறியப்பட்ட 44 ஓடில்லா நத்தை இனங்களில் தோட்டச்செடிக்குச் சேதம் செய்பவை 9 மட்டுமே என்று கூறும் ராயல் தோட்டக்கலைச் சங்கம், 2022-ல் நத்தைகளைப் ‘பூச்சிகள், தொல்லைகள்’ பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

கொடியின் சிக்கனம்

கொடிகள் ஏன் இத்தனை எளிதாக மாட்டிக்கொள்கின்றன? விடை டார்வினிடம் இருக்கிறது. உடல்நலமில்லாமல் அறையில் அடைபட்டுக் கிடந்த காலத்தில் ஜன்னலோரம் தொட்டிகளை வைத்துக்கொண்டு, கொடியின் நுனி சுற்றி வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டிருந்தவர் அவர். ஏறுகொடிகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1865-ல் லின்னேயன் சங்க இதழில் வந்தது. 1875-ல் தனி நூலாயிற்று. கொடியின் வாழ்க்கையே சிக்கனம் என்பது அதில் அவர் கண்ட உண்மை. மரம் வெளிச்சத்தை எட்டுவதற்குத் தன் உழைப்பில் பெரும்பகுதியைத் தண்டில் கொட்டுகிறது. கொடியோ அடுத்தவர் தண்டைப் பிடித்துக்கொண்டு, குறைந்த செலவில் அதே வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது.

அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. தொடக்கத்தில் கொடியின் தண்டு மெலிந்து, சாறு நிறைந்து, மரச்சத்தே இல்லாமல் இருக்கும். தரையிலிருந்து முதல் ஒரு சாண் உயரத்தில் நத்தை ஒரு முறை அராவினால் மேலே பத்தடி வளர்ந்திருந்தாலும் அத்தனையும் வாடிவிடும். மரக்கன்றில் இரண்டு இலை போனால் இரண்டு இலைதான் நஷ்டம். கொடியில் அடித்தண்டு போனால் கொடியே போயிற்று.

நத்தைக்கும் உயரம் சும்மா கிடைப்பதில்லை. 1980-ல் மார்க் டென்னி என்ற உயிரியலாளர் ஓடில்லா நத்தை ஊர்வதற்கு ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டார். அதே தூரத்தைக் கடக்க, ஓடும் விலங்குக்கு ஆவதைவிடப் பல மடங்கு செலவு. அதில் பெரும்பங்கு தசைக்குப் போகவில்லை, சளி தயாரிக்கப் போகிறது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் தண்ணீரும் புரதமும் கலந்த பாதையைத் தானே போட்டுக்கொண்டு போகும் பிராணி அது. ஆப்பிரிக்க நத்தை பப்பாளி மரத்தில் ஏறும், சுவரிலும் ஏறும். ஆனால் கீழே தளிர் கிடைக்கும்போது மேலே போக அதற்கு அவசரம் இல்லை. எனவே போர் நடப்பது பூ இருக்கும் இடத்தில் அல்ல, வேர்ப்பக்கத்தில்.

ஜெனாவில் ஒரு விருந்து

செடி ஏன் கசக்கிறது, துவர்க்கிறது, அரிக்கிறது? 19-ஆம் நூற்றாண்டில் பலர் இவற்றைச் செடியின் உடம்பில் தேங்கும் கழிவு என்றே நினைத்தார்கள். ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஸ்டால், நத்தைகளையே நடுவராக வைத்து அதைச் சோதித்தார். நத்தை சீண்டாத செடிகளின் இலைகளை ஆல்கஹாலில் ஊறவைத்து, உள்ளிருந்த வேதிப்பொருள்களை வெளியேற்றிவிட்டுப் பரிமாறினார். முன்பு ஒதுக்கிய இலையை நத்தை இப்போது தின்றது. கழிவு என்று நினைத்தது காவல் என்று தெரிந்தது. 1888-ல் ‘தாவரங்களும் நத்தைகளும்’ என்ற பெயரில் அதை நூலாக வெளியிட்டார். அது நீண்டகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1959-ல் காட்ஃப்ரீட் ஃப்ராங்கல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகே, தாவர வேதிப்பொருள்கள் பாதுகாப்புக்கானவை என்ற கருத்து வேரூன்றியது. இன்று வேதிச் சூழலியல் என்ற துறையின் முன்னோடிகளில் ஸ்டாலும் ஒருவர்.

வேதிப்பொருளை நீக்கியும் நத்தை மறுத்த செடிகள் இருந்தன. அவற்றில் தடை வேறு வகை: ரோமம், தடித்த தோல், ஊசிப்படிகம். ஊசிப்படிகம் நம் சமையலறைக்குப் பழக்கமானதுதான். காறும் கருணையைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை அரிக்கிறதே, அது கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகளின் வேலை. அதற்காகத்தான் புளி சேர்த்து வேகவைக்கிறோம். ஊசிகள் கட்டுக்கட்டாகத் தனி செல்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். செல் உடைந்ததும் வெளியே பாயும்.

ஊசி மட்டுமே போதுமா? 2014-ல் ஜப்பானில் கோடரோ கொன்னோ குழுவினர் கிவிப்பழத்திலிருந்து எடுத்த ஊசிகளையும், புரதத்தைச் சிதைக்கும் நொதியையும் ஆமணக்கு இலையில் தடவி, எரிப் பட்டுப்புழுவுக்குக் கொடுத்தார்கள். ஊசி மட்டும் தடவியபோது பெரிய பாதிப்பு இல்லை. நொதி மட்டும் தடவியபோதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத் தடவியபோது புழுக்கள் செத்தன. ஊசி துளை போடுகிறது, நொதி அதன் வழியே உள்ளே போகிறது. ஊசி வடிவம் இல்லாத அதே உப்பைத் தூளாகக் கொடுத்தால் அந்த விளைவு கிடைக்கவில்லை.

இந்த ஆயுதத்தை வைத்திருக்கும் ஏறுகொடி அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கும்: மணி பிளான்ட். கருணை, சேனை, சேம்பு எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்காத கொடியாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை அதனால் போதிய அளவு தயாரிக்க முடிவதில்லை. ஆனால் மரத்தின்மேல் ஏறவிட்டால் இலை முறம் அளவுக்கு அகன்று, பச்சையில் பொன்மஞ்சள் தீற்றல்களோடு சுவரையே மறைத்துவிடும். நிழலான வடக்குச் சுவருக்கு வண்ணம் வேண்டுமென்றால் பூவைவிட இலையை நம்புவதே மேல்.

சயனைடு வைத்திருக்கும் கொடி

கிருஷ்ணகமலம் என்று நாம் ஆசையாக வளர்க்கும் பாசிஃப்ளோரா, ஊதா இழைகள் சக்கரமாக விரியும் பூவால் புகழ்பெற்றது. அதன் இலைக்குள் இரண்டு அறை. ஒன்றில் சர்க்கரையோடு பிணைந்து செயலற்றுக் கிடக்கும் சயனைடுச் சேர்மம். இன்னொன்றில் அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நத்தையின் பல் பட்டு அறை உடைந்தால் சந்திக்கும். ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். மரவள்ளி இலையை மேய்ந்த ஆடு சாவதும் இதே ஏற்பாட்டால்தான்.

நத்தை இதைக் கண்டுகொள்கிறதா என்பதை 1962-ல் டேவிட் ஜோன்ஸ் சோதித்தார். இங்கிலாந்துப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும், பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி. அதில் சயனைடு தயாரிக்கும் செடியும் உண்டு, தயாரிக்காத செடியும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்தபோது நத்தை உள்ளிட்ட பிராணிகள் சயனைடு இல்லாத செடியைத் தேர்ந்தெடுத்துத் தின்றன.

இவ்வளவு நல்ல காவல் என்றால் எல்லாச் செடியும் ஏன் அதை வைத்துக்கொள்ளவில்லை? காவலுக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கிறது. சயனைடு தயாரிக்க நைட்ரஜன் வேண்டும்; அதை வளர்ச்சியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். வெள்ளை கிளோவர் என்ற தீவனச் செடியை ஐரோப்பா முழுதும் ஆராய்ந்து 1954-ல் வெளியான கட்டுரை, மத்தியதரைக் கடலோரத்தில் சயனைடுச் செடிகள் மிகுந்தும், குளிர் கடுமையான வடகிழக்கில் அருகியும் இருப்பதைக் காட்டியது. தாக்குதல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிக் கணக்கு.

அந்தக் காவலையும் மீறுகிறவர்கள் உண்டு. செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட டானி காஸ்டர் வண்ணத்துப்பூச்சி பாசிஃப்ளோராவில் முட்டையிடும். அதன் புழு கொடியை மொட்டையடித்துவிடும். நத்தைக்குப் பூட்டிய கதவு புழுவுக்குத் திறந்திருக்கிறது.

நமக்கு நஞ்சு, அதற்கு?

இங்கே ஒரு கண்ணியில் பலர் விழுகிறார்கள். ‘மனுஷனையே கொல்லும் செடியை நத்தை தொடுமா?’ தொடும். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். இலைநுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி ஏறி, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் அந்தக் கொடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் இருக்கிறது. செல் பிரியவிடாமல் தடுக்கும் கடும் நஞ்சு. கீல்வாத மருந்தும் அதுதான். விதைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதைப் பயிர் செய்கிறார்கள். கொல்சிசின் என்ற பெயருக்குக் காரணமான கொல்சிகம் ஐரோப்பியச் செடி. அதே நஞ்சு அதில் இருந்தும், இங்கிலாந்துத் தோட்டங்களில் நத்தை அதைக் கடிக்கத்தான் செய்கிறது. மனிதரின் ஈரலைக் கரைத்துக் கொல்லும் ‘சாவுத்தொப்பி’க் காளானையும் நத்தைகள் தின்றுவிட்டுச் சாவகாசமாக ஊர்ந்துபோகின்றன.

நஞ்சு என்பது செடிக்கும் தின்பவருக்கும் இடையிலான தனி வழக்கு. பாலூட்டியின் உடம்பைத் தாக்கும் பொருள் நத்தையின் உடம்பை விட்டுவிடலாம். ஆகவே நஞ்சுப் பட்டியலைப் பார்த்துக் கொடி வாங்குவது வீண். குழந்தையும் ஆடுமாடும் இருக்கும் வீட்டில் செங்காந்தளை எட்டாத இடத்தில் வைப்பதுதான் நாம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நிறம் ஒன்று, இலை வேறு

கொடிப்பசலையின் சிவந்த தண்டுக்கும் காகிதப்பூவின் கத்தரிப்பூ நிறத்துக்கும் காரணம் பீட்டலைன் என்ற ஒரே நிறமிக் குடும்பம். பீட்ரூட்டிலும் செங்கீரையிலும் இருப்பதும் அதுவே. பெரும்பாலான பூக்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் வேறு குடும்பம்; இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. நிறமி ஒன்றாக இருந்தும் கொடிப்பசலை இலை நமக்கும் கீரை, நத்தைக்கும் கீரை. காகிதப்பூ அப்படியில்லை.

காகிதப்பூ, அதாவது பூகன்வில்லா, பிரேசில் நாட்டுக் கொடி. பூகன்வில் தலைமையிலான கப்பல் பயணத்தில் வந்த தாவரவியலாளர் கொமர்சோன் 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் அதைச் சேகரித்தார். நாம் பூ என்று சொல்லும் வண்ணத் தாள்கள் உருமாறிய இலைகள். நடுவே நிற்கும் சிறு வெள்ளைக் குழல்தான் அசல் பூ. அதனால்தான் வண்ணம் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. அந்திமந்தாரைக் குடும்பமான இதன் இலையிலும் ஊசிப்படிகம் உண்டு. தண்டு சீக்கிரமே மரமாகிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சாதகம், தண்ணீர் குறைந்தால்தான் நன்றாகப் பூக்கும். அடிமண் காய்ந்து கிடக்கும் இடத்துக்கு வர நத்தைக்கு மனமிருக்காது. வெயில் விழும் தெற்குச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான கொடி கிடைப்பது அரிது.

அடுத்தது ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, அதற்கடுத்து இரத்தச் சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறம். வெள்ளையாக மணக்கும் முதல் இரவில் நீளநாக்கு அந்துப்பூச்சிகள் வரும். நிறம் மாறியபின் பகல்நேர விருந்தாளிகள். கொடியின் தண்டைத் தடவிப் பாருங்கள், முள் குத்தும். அது முள்ளாகப் பிறந்ததல்ல. இலை உதிர்ந்தபின் காம்பின் அடிப்பாகம் மட்டும் கெட்டிப்பட்டு நின்று, கொக்கியாகி, கொடி ஏற உதவுகிறது. இதன் குடும்பம் கடுக்காய், தான்றிக்காய்க் குடும்பம், துவர்ப்புக்குப் பேர்போனது. துவர்ப்பைத் தரும் டானின், புரதங்களோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும்.

மஞ்சள் வேண்டுமென்றால் அலமண்டா. அரளி, நித்தியகல்யாணியின் உறவுக்காரக் கொடி. கிள்ளினால் பால் வடியும். பால் வடியும் செடிகளுக்கு இரட்டைக் காவல்: பாலில் இருக்கும் வேதிப்பொருள் சுவையைக் கெடுக்கும், பால் உறைந்து வாயில் ஒட்டும். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்வது நமக்கும் நல்லது.

நீலம் வேண்டுமா? சங்குப்பூவும் நீலக்குறிஞ்சி நிறத்தில் பூக்கும் காலைப்பூக் கொடிகளும்தான் நினைவுக்கு வரும். சங்குப்பூவில் சைக்ளோடைடு என்ற வளையப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஆஸ்திரேலியாவில் பூச்சிக்கொல்லியே விற்கிறார்கள். வேறு செடிகளிலிருந்து எடுத்த இதே வகைப் புரதங்கள் நெல்வயலைக் கெடுக்கும் தங்க ஆப்பிள் நத்தையைக் கொல்வதாக 2008-ல் ஓர் ஆய்வும் வந்தது. இருந்தாலும் விதையிலிருந்து எழும் முதல் இலைகள் மிருதுவானவை. அவற்றை மழைக்கால மண்ணில் நம்பி விடக்கூடாது. காலைப்பூ, அவரை, சங்குப்பூ மூன்றையும் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு வளர்த்தபின் தரைக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

மொத்தத்தில் நர்சரியில் செய்ய வேண்டிய சோதனை எளிது. இலையை இரு விரலுக்கிடையே வைத்துக் கசக்குங்கள். சட்டென்று கசங்கிச் சாறு விட்டால் நத்தைக்கும் அது எளிது. தோல்போல் மடங்கினாலோ, பால் வடிந்தாலோ, சொரசொரப்பாக இருந்தாலோ நல்ல அறிகுறி. பிறகு அடித்தண்டில் நகத்தை வைத்துப் பாருங்கள். நகம் இறங்காத தண்டில் ராடுலாவுக்கும் வேலை அதிகம்.

முட்டை ஓடும் காபிச் சக்கையும்

கொடியைச் சுற்றி முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது பலர் நம்பும் வைத்தியம். ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் 108 லெட்டூஸ் செடிகளை வைத்து இதைச் சோதித்தது. முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், பைன் மரப்பட்டைத் துண்டு, கம்பளிக் குருணை என ஐந்து தடைகள். எதுவும் போடாத செடிகள் ஒரு பக்கம். சேதத்தில் வித்தியாசமே இல்லை. சளிமேல் மிதந்து போகும் பிராணிக்குக் கூர்முனை பெரிய தடையல்ல.

காபி விஷயம் வேறு. ஹவாயில் தவளைக்கு எதிராகக் காஃபின் கரைசலைத் தெளித்துப் பார்த்த ராபர்ட் ஹாலிங்ஸ்வொர்த் குழுவினர் அங்கே நத்தைகள் செத்துக்கிடப்பதைக் கண்டார்கள். 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்கள் குறிப்பின்படி 2 சதவீதக் கரைசல் நத்தையைக் கொல்லும், 0.01 சதவீதமே தின்பதைக் குறைத்துவிடும். ஆனால் டிகாக்‌ஷன் இறக்கியபின் மிஞ்சும் சக்கையில் காஃபினில் பெரும்பகுதி நம் டம்ளருக்கு வந்துவிட்டிருக்கும். சக்கையை உரமாகப் போடுங்கள், காவலாளியாக நினைக்காதீர்கள்.

உப்பு நத்தையைக் கொல்லும், மண்ணையும் கெடுக்கும். மெட்டால்டிஹைடு குருணை வேலை செய்யும், ஆனால் அதைத் தின்னும் நாயையும் கொல்லும். பிரிட்டனில் 2022 முதல் வெளிப்புறத்தில் பயன்படுத்தத் தடை. மிஞ்சுவது பழைய வழி. மாலையில் ஈரச்சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டுவிட்டு, விடிந்ததும் அங்கே ஒதுங்கியிருப்பவற்றைப் பொறுக்குவது. வெறுங்கையால் தொடக்கூடாது. ஆப்பிரிக்க நத்தை எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும்; அது மனித உடம்புக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம்.

இவற்றைவிட லாபமான மாற்றம் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் இருக்கிறது. மாலையில் ஊற்றினால் இரவு முழுதும் ஈரப்பாதை போட்டுக்கொடுத்த கணக்கு. நத்தைக்குச் சளிச் செலவு மிச்சம். காலையில் ஊற்றுங்கள். கொடியின் அடியைச் சுற்றி ஒரு முழத்துக்கு மூடாக்கு, சருகு, கவிழ்த்த தொட்டி எதுவும் இல்லாமல் வெறும் தரையாக விடுங்கள். பகலில் ஒதுங்க நிழல் கிடைக்காத இடத்தில் இரவில் தங்கள் கடையை விரிக்க அவை தயங்கும்.

கடைசியாக, நடும் மாதம். மழை வந்தபின் ஐப்பசியில் கொடி வாங்குவதுதான் வழக்கம். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்பது காரணம். நத்தையின் பக்கமிருந்து பார்த்தால் அது எழுந்து வரும் வாரத்தில் அதற்குத் தளிர் பரிமாறுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது உழவுக்காக. கொடிக்கும் அது பொருந்தும். ஆடியில் நட்டு இரண்டு மூன்று மாதம் கைத்தண்ணீர் ஊற்றினால் போதும். வடகிழக்குப் பருவம் இறங்கும்போது அடித்தண்டு பழுப்பேறிக் கெட்டிப்பட்டிருக்கும், இலைக்குள் கசப்பும் துவர்ப்பும் ஊசியும் சேர்ந்திருக்கும். நத்தை அப்போதும் வரும், உதட்டை வைத்துப் பார்க்கும். அதற்குள் கொடி ஆள் உயரம் போயிருந்தால் இரண்டு இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விடலாம். கொடிக்கு அது தாங்கும்.